ஏழு சுடும், ஐந்து தலைகுனியும்

போன வாரம் காலை இட்லிக்கு உட்காரும் நேரத்தில் போன் வந்தது. எதிர்முனையில் ஒரு பெண் குரல்.

"வணக்கங்க ஐயா. ஏட்டு கலைவாணி பேசறேன். நீங்க பார்த்த ஆர்மரர் வேலையை இப்ப நான்தான் பார்த்துக்கினு இருக்கேன்."

ஆர்மரர் என்றால் ஆயுதப்படையில் துப்பாக்கிகளைப் பழுது பார்த்து, எண்ணெய் போட்டு, எண்ணி அடுக்கி, பூட்டி, சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு திரிகிறவன். முப்பத்திரண்டு வருடம் அந்த வேலையைச் செய்துவிட்டு ஓய்வு பெற்றவன் நான். பழைய ஆபீஸிலிருந்து போன் வந்தால், கணக்கில் ஏதோ ஒரு துப்பாக்கி குறைகிறது என்றுதான் எங்களைப் போன்றவர்களுக்கு முதலில் தோன்றும். எதிரே தட்டு வைத்துக்கொண்டிருந்த என் மனைவி ஸ்டெல்லாவுக்கும் அது பழக்கம். "இன்னா காணோமாம்?" என்று கேட்டாள்.

எதுவும் காணாமல் போகவில்லை. கலைவாணிக்கு ஒரு சந்தேகம், அவ்வளவுதான். அரசு மரியாதையோடு நடக்கும் இறுதிச் சடங்குக்கு எங்கள் ஆட்கள் பன்னிரண்டு பேர் போவார்கள். அதில் ஏழு பேர் மட்டும் மூன்று முறை வானத்தை நோக்கிச் சுடுவார்கள். ஐந்து பேர் துப்பாக்கியைத் தலைகீழாகப் பிடித்து, தலையைக் குனிந்து நிற்பார்கள். மூன்றாவது முறை சுடும்போது ஆறு துப்பாக்கி ஒன்றாக வெடிக்கும். ஏழாவது ஒரு நொடி கழித்துத் தனியாக வெடிக்கும். இப்படித்தான் செய்ய வேண்டும் என்று ஒரு உத்தரவு உண்டு.

"உத்தரவுல காரணம் எதுவும் போடலீங்க ஐயா. ஏன் ஏழு, ஏன் அஞ்சு, அந்த ஒருத்தர் மட்டும் ஏன் லேட்டா சுடணும்? புது எஸ்.ஐ. தினம் கேட்டுக்கினே இருக்காரு. பழைய ஆளுங்க எல்லாம் மரியதாஸ் ஐயாவைக் கேளுன்னு சொல்றாங்க."

"யோசிச்சு சொல்றேம்மா" என்று போனை வைத்தேன். யோசிக்க ஒன்றும் இல்லை. முழுக் காரணமும் எனக்கும் இன்னொருவருக்கும் மட்டும் தெரியும். அவரிடம் ஒரு வார்த்தை கேட்காமல் வாயைத் திறக்க முடியாது என்பதுதான் விஷயம். இப்போது கேட்டுவிட்டேன். அவர் என்ன சொன்னார் என்பதைக் கடைசியில் சொல்கிறேன். படைப்பிரிவின் பெயரை மட்டும் எழுதப் போவதில்லை. விழுப்புரத்துப் பக்கம் என்று வைத்துக்கொள்ளுங்கள். நான் இன்னும் பென்ஷன் வாங்குகிறவன்.

எனக்குக் கண்டமங்கலத்துக்குப் பக்கத்து ஊர். அப்பா கரும்பு வெட்டும் கூலி. எங்கள் வீட்டில் இருந்த ஒரே ஆயுதம் அவருடைய வெட்டுக்கத்திதான். சாயங்காலம் வந்ததும் அதைக் கழுவித் துடைத்து, ஒரு சொட்டு எண்ணெய் தடவித்தான் கூரையில் செருகுவார். நான் போலீசில் சேர்ந்து, கவாத்தும் அணிவகுப்பும் பழகி, வெயிலில் கறுத்து, ஆறு மாதம் ஆர்மரர் பயிற்சிக்குப் போய்க் கற்றுக்கொண்டதும் அதேதான். சான்றிதழ் ஒன்று கூடுதலாகக் கொடுத்தார்கள்.

எங்கள் ஆயுதக் கிடங்கில் இரண்டு வகைப் பழைய துப்பாக்கிகள் இருந்தன. ஒன்று, வெள்ளைக்காரன் காலத்து திரீ நாட் திரீ. இன்னொன்று, சுதந்திரத்துக்கு வெகு நாள் கழித்து அதே அச்சில், அதைவிட உறுதியான இரும்பில், வேறு தோட்டாவுக்காக நம் ஊரிலேயே செய்த செவன் சிக்ஸ் டூ. நீளம், எடை, தோளில் அணைக்கிற மரக் கட்டை, ஒவ்வொரு முறையும் கையால் இழுத்து மூட வேண்டிய போல்ட் எல்லாம் ஒன்றுபோலவே இருக்கும். அடியில் மாட்டுகிற மேகசின், அதாவது தோட்டாப் பெட்டி, மட்டும் வேறு. பழையதற்கு அடிப்பக்கம் சரிவாக இருக்கும். புதியதற்குச் சோப்புப் பெட்டி மாதிரி சதுரமாக இருக்கும். மேகசினைக் கழற்றிவிட்டால் பெற்றவளுக்கே அடையாளம் தெரியாது. நாங்கள் பழையதை மூத்தவன் என்றும் மற்றதை இளையவன் என்றும் சொல்லுவோம்.

நான் மூத்தவன் கட்சி. என் மேலதிகாரி, ரிசர்வ் இன்ஸ்பெக்டர் தணிகாசலம், இளையவன் கட்சி. அவருடைய வீட்டில் அவர் கடைக்குட்டி, என் வீட்டில் நான் தலைப்பிள்ளை. அதற்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை என்று இரண்டு பேருமே சொல்லிக்கொள்வோம்.

தணிகாசலம் ஐயா காணையில் நெல்லும் கரும்பும் வைக்கிற குடும்பம். வாழ்நாளில் அவர் குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை. கோபம் வந்தால் கண்ணாடியைக் கழற்றித் துடைப்பார். ரொம்பக் கோபம் என்றால் இரண்டு பக்கமும் துடைப்பார். துப்பாக்கியைச் சோதிக்கும்போது சலவை செய்த வெள்ளைத் துணித் துண்டு ஒன்றைக் கயிற்றில் கட்டிக் குழலுக்குள் விட்டு இழுத்து, வெளிச்சத்தில் தூக்கிப் பார்ப்பார். சுத்தமாக இருந்தால் நான்காக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொள்வார். அழுக்கு இருந்தால் அந்தக் காவலர் கையில் கொடுத்து, "வூட்டுக்கு எடுத்துக்கினு போயி உங்கம்மாகிட்ட காட்டுய்யா" என்பார். அதற்குப் பதிலாக நான்கு அறை விட்டால் தேவலை என்று காவலர்கள் சொல்வார்கள். திட்டுகிற அதிகாரியைச் சமாளித்துவிடலாம். துணியைக் கையில் கொடுக்கிற அதிகாரியை என்ன செய்வது?

எங்கள் சண்டையின் மையம் தோட்டாவின் அடிப்பாகம். மூத்தவனின் தோட்டாவுக்கு அடியில் வெளியே நீட்டிய விளிம்பு உண்டு. இளையவனின் தோட்டாவில் அது கிடையாது, உடம்போடு உடம்பாக வழவழவென்று இருக்கும். ஒரு நாள் டீக்கடையில் ஐயாவே பேச்சை ஆரம்பித்தார்.

"இன்னா மரியதாஸு, உன் மூத்தவன் தோட்டாவ மேகசின்ல போடறப்ப ஒண்ணோட விளிம்பு இன்னொண்ணுக்குப் பின்னால மாட்டிக்கினா இன்னா ஆவும்?"

"கவனமா போட்டா மாட்டாதுங்க ஐயா."

"பதட்டத்துல இருக்கிறவன் எங்கய்யா கவனமா போடுவான்? இளையவன்ல அந்தப் பேஜாரே கெடையாது."

நான் மேசையில் இருந்த எவர்சில்வர் டம்ளரைக் காட்டினேன். "ஐயா, சூடா காப்பி இருந்தா இத எங்க புடிப்பீங்க? விளிம்புலதானே. வெடிச்ச தோட்டாவ வெளிய இழுக்கிற கொக்கிக்கும் அப்படித்தான். விளிம்பு இருந்தா புடிமானம். துப்பாக்கி தேஞ்சி போனாலும் விளிம்பு தோட்டாவை எடத்துல நிறுத்தி வைக்கும். அதோ, அந்தக் கண்ணாடி கிளாசுக்கு விளிம்பு இல்ல. எத்தினி பேரு கைய சுட்டுக்கினான் பாருங்க."

ஐயா பக்கத்து மேசையிலிருந்து இன்னொரு எவர்சில்வர் டம்ளரை எடுத்து, என் டம்ளருக்குள் வைத்து உள்ளங்கையால் ஓர் அழுத்து அழுத்தினார். இரண்டும் மாட்டிக்கொண்டன. நான் இழுத்தேன், வரவில்லை. கடைக்காரர் வந்து இழுத்தார், வரவில்லை. "துப்பாக்கிச் சண்டைய துப்பாக்கியில போடுங்க சார், என் டம்ளர வுட்டுருங்க" என்றார் கடைக்காரர். ஐயா கண்ணாடியைத் துடைக்கவில்லை. அன்று அவருக்கு அவ்வளவு சந்தோஷம்.

குறி பார்க்கும் தகட்டிலும் இதே கதைதான். மூத்தவனில் இரண்டாயிரம் கெஜம் வரை அளவு போட்டிருக்கும். இளையவனில் எண்ணூறு மீட்டரோடு நிறுத்திவிட்டார்கள். அது மூத்தவனின் பெருமை என்று நான் சொல்வேன். "ரெண்டாயிரம் கெஜத்துல நிக்கிறவன் எதிரியா உன் மச்சானான்னு உனக்குத் தெரியுமா? சுட முடியாத தூரத்துக்கு எதுக்குய்யா அளவு?" என்பார் ஐயா. நியாயமான கேள்விதான். அவர் வேலையில் இருந்தவரை நான் அதை ஒப்புக்கொள்ளவில்லை, இப்போது ஒப்புக்கொள்கிறேன்.

இரண்டு பேரும் சண்டை இல்லாமல் சம்மதித்த குணம் ஒன்றே ஒன்று. இரண்டு துப்பாக்கியிலும் போல்டின் பின்பக்கம் ஒரு குமிழ் உண்டு. விசையை இழுத்தும் தோட்டா வெடிக்கவில்லை என்றால், போல்டைத் திறக்க வேண்டியதில்லை. அந்தக் குமிழை விரலால் பின்னுக்கு இழுத்துவிட்டு மறுபடி விசையை அழுத்தலாம். அதே தோட்டாவுக்கு இரண்டாவது அடி விழும். "முட்டாளுக்கும் ஒரு மறுவாய்ப்பு குடுக்கிற துப்பாக்கி" என்று ஐயா சொல்வார். இந்தக் குமிழைக் கொஞ்சம் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

இந்த இரண்டில் எதை வைத்துக்கொள்ளலாம், எதைத் திருப்பி அனுப்பலாம் என்று மேலிடத்திலிருந்து அவ்வப்போது அறிக்கை கேட்பார்கள். ஐயா ஒரு பக்கம் எழுதுவார், நான் ஒரு பக்கம் எழுதுவேன். மேலிடம் இரண்டையும் படித்துக் குழம்பி, இரண்டையும் வைத்துக்கொள்ளச் சொல்லிவிடும்.

இனி நடந்த விஷயத்துக்கு வருகிறேன். ஐயா ஓய்வு பெறும் மாதம். அதே மாதத்தில் ஆயுத பூஜை வந்தது. எங்கள் கிடங்கில் நிஜமாகவே ஆயுதத்துக்குத்தான் பூஜை. சூடம் காட்டிப் பூசணிக்காய் உடைப்பது ஆர்மரரின் பொறுப்பு. அப்படியாக, ஞாயிறு தவறாமல் மாதா கோயிலில் பூசைக்கு நிற்கிற நான், வருடத்துக்கு ஒரு நாள் பூசாரி. எங்கள் பங்குத் தந்தை ஒரு தடவை விசாரித்தார். "டூட்டி ஃபாதர்" என்றேன். அவரும் அரசாங்கத்தோடு மோத விரும்பவில்லை.

"நான் போறதுக்குள்ள ஒரு தடவை எல்லாக் கட்டையும் பளபளன்னு இருக்கணும் மரியதாஸு" என்றார் ஐயா. எண்ணெய் தேய்க்க வேண்டிய மரத்துக்கு வார்னிஷ் அடிக்கச் சொல்லிவிட்டார். கை வழுக்கும் என்று சொல்லிப் பார்த்தேன். அவர் கண்ணாடியில் கை வைத்தார், நான் நிறுத்திக்கொண்டேன். திண்டிவனத்தில் லாரிகளுக்குப் பெயர் எழுதும் பெயின்டர் பாபு வந்து, கட்டைகளைத் தேய்த்து வார்னிஷ் அடித்தார். தேய்த்ததில் எங்கள் அடையாளப் பட்டைகளும் போயின. மூத்தவன் கட்டையில் மஞ்சள் பட்டை, இளையவன் கட்டையில் பச்சைப் பட்டை. இது நானே பல வருடத்துக்கு முன்பு கொண்டுவந்த ஏற்பாடு. அதற்குப் பிறகு எங்கள் ஆட்கள் துப்பாக்கியைப் பார்ப்பதை விட்டுவிட்டுப் பட்டையை மட்டும் பார்க்கப் பழகிவிட்டார்கள். நானும்தான். பட்டைகளைப் புதிதாகப் போட்டுத் தரும்படி பாபுவிடமே சொன்னேன்.

பூஜை முடிந்து எல்லாரும் பொரிகடலை சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது பாபு என்னிடம் வந்தார். "சார், கடைசி அஞ்சு துப்பாக்கிக்குப் பச்ச பெயின்ட் தீந்துபூட்ச்சு. மஞ்சளே அடிச்சிட்டேன். நாளக்கி வந்து மாத்தித் தர்றேன், வெச்சிக்கினு இருங்க" என்றார்.

என் வாய் நிறையப் பொரி. தலையை ஆட்டினேன். அந்தப் பொரியை விழுங்கும்போது பாபு சொன்னதையும் சேர்த்து விழுங்கிவிட்டேன். காவலர்கள் துப்பாக்கிகளைத் திரும்ப அடுக்கினார்கள். மஞ்சள் எல்லாம் மஞ்சளோடு. மேகசின்கள் சாமி படத்துக்கு முன்னால் ஒரு தாம்பாளத்தில் சந்தனத்தோடு குவிந்து கிடந்தன.

மறுநாள் காலை உத்தரவு வந்தது. திண்டிவனத்தை அடுத்த ஒரு கிராமத்தில், தொண்ணூறு வயதைத் தாண்டிய சுதந்திரப் போராட்டத் தியாகி ஒருவர் காலமாகிவிட்டார். பிற்பகல் அரசு மரியாதையோடு அடக்கம். பன்னிரண்டு பேர், மூன்று சுற்று. அப்போது பன்னிரண்டு பேருமே சுடுவதுதான் வழக்கம்.

"எத எடுத்துக்கினு போறது?" என்று ஐயா கேட்டார்.

"மூத்தவனைத்தாங்க ஐயா. வெள்ளைக்காரனை எதிர்த்தவரு. வெள்ளைக்காரன் துப்பாக்கியே அவருக்கு மரியாதை செய்யட்டும்" என்றேன். ஐயா ரொம்ப நேரம் யோசித்துவிட்டுச் சரி என்றார். அந்த வாதத்தில் நான் ஜெயித்ததுதான் வினையாகப் போயிற்று.

இறுதி மரியாதைக்குப் போகும்போது மேகசின் மாட்டுவது எங்களிடம் கிடையாது. தவறிப்போய் நிஜத் தோட்டா ஒன்று உள்ளே இருந்துவிட்டால் என்ன ஆவது? அதனால் வெறும் சத்தம் மட்டும் போடுகிற வெற்றுத் தோட்டாவை ஒவ்வொன்றாகக் கையால் குழலுக்குள் தள்ளிப் போல்டை மூடுவோம். ஆகவே மேகசின் இல்லாமல் பன்னிரண்டு மஞ்சள் பட்டைத் துப்பாக்கிகளை எண்ணி வண்டியில் ஏற்றினேன். துப்பாக்கி எண்களை ஒவ்வொன்றாகப் பார்த்து எழுதியிருக்க வேண்டும். எண்களின் மேல் நேற்றைய சந்தனம் காய்ந்து கிடந்தது. பூஜைச் சந்தனத்தைத் தேய்த்து எடுக்கக் கூடாது, தானாக உதிர வேண்டும் என்பது எங்கள் ஆட்களின் சாஸ்திரம். வந்து எழுதிக்கொள்ளலாம் என்று விட்டேன். மூத்தவனுக்கான வெற்றுத் தோட்டா நாற்பது எடுத்துக்கொண்டேன்.

வேர்க்கடலை என்று நீங்கள் சொல்லும் மல்லாட்டைக் கொல்லைகளுக்கு நடுவே, ஊர்க் கோடியில் பந்தல். பெரிய அதிகாரி வர இன்னும் அரை மணி நேரம் இருந்தது. வண்டிக்குப் பின்னால் நின்று, பழக்கதோஷத்தில், ஒவ்வொரு துப்பாக்கியிலும் ஒரு தோட்டாவைப் போட்டுப் பார்த்தேன். முதல் இரண்டில் சரியாகப் போயிற்று. மூன்றாவதில் பாதியில் நின்றுவிட்டது. குழலுக்குள் சந்தனமோ என்று விரலை விட்டுப் பார்த்தேன், சுத்தமாக இருந்தது. கட்டையைத் திருப்பி எண்ணின் மேல் இருந்த சந்தனத்தை நகத்தால் சுரண்டினேன். சாஸ்திரம் கிடக்கட்டும். இளையவன்.

வாயில் பொரியின் ருசி வந்தது, சத்தியமாகச் சொல்கிறேன். பன்னிரண்டையும் சோதித்தேன். ஏழு மூத்தவன், ஐந்து இளையவன். இளையவனுக்கு வேண்டிய தோட்டா விழுப்புரத்தில் இருக்கிறது.

ஐயாவை ஓரமாகக் கூப்பிட்டு எல்லாவற்றையும் சொன்னேன், பாபு சொன்னதையும் நான் தலையாட்டியதையும் உட்பட. அவர் கண்ணாடியைக் கழற்றினார். இரண்டு பக்கமும் துடைத்தார். மாட்டிக்கொண்டார். மறுபடி கழற்றித் துடைத்தார். அதை நான் அதற்கு முன்பு பார்த்ததில்லை.

"பொரி நல்லா இருந்துச்சா?" என்று கேட்டார்.

அரசாங்க உத்தியோகத்தில் இருந்தவர்களுக்குத் தெரியும். ஓய்வு பெறும் மாதத்தில் பதினேழு பி என்கிற பெரிய குற்றச்சாட்டு மெமோ வந்தால் ஆள் வீட்டுக்குப் போக முடியாது. கடைசி நாளன்று சஸ்பெண்ட் செய்து வைத்துவிடுவார்கள். விசாரணை முடியும்வரை முழுப் பென்ஷன் கிடையாது, மாலை கிடையாது, வழியனுப்பு விழா கிடையாது. ஊர் பார்க்க, பேப்பர்காரர்கள் பார்க்க, தியாகியின் இறுதி மரியாதையில் ஐந்து துப்பாக்கி வாயைத் திறக்கவில்லை என்றால் மெமோ யாருக்கு வரும்? பொரி தின்றவனுக்குக் கொஞ்சம், தலைமை தாங்கியவருக்கு நிறைய. முப்பத்தைந்து வருடம் ஒரு கறுப்புப் புள்ளி இல்லாமல் வேலை பார்த்த மனிதர், என் ஒரு வாய்ப் பொரியால் அசிங்கப்படப் போகிறார் என்று எனக்கு அழுகையே வந்துவிட்டது.

"ஜீப்ப அனுப்பலாங்களா ஐயா?"

"இன்னிக்கி இன்னா நாளு? பூஜை லீவு முடிஞ்சி மெட்ராசுக்குத் திரும்புற கூட்டம் மொத்தமும் ரோட்டுல நிக்குது. திண்டிவனத்தத் தாண்டி வெளிய போவவே ஒரு மணி நேரம் ஆவும்."

அந்த நேரம் பார்த்து ஒரு வயதான அம்மா எங்களை நோக்கி வந்தார். தியாகியின் மகள் சரோஜா. கணக்கு டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவர். அழுது ஓய்ந்த முகம், ஆனால் குரல் வகுப்பறைக் குரல்.

"சார், இருபத்தோரு குண்டுதானே?"

ஐயா என்னைப் பார்த்தார். பன்னிரண்டு பேர் மூன்று சுற்று என்றால் முப்பத்தாறு. அதைச் சொல்ல வாயைத் திறந்தார். அதற்குள் அந்த அம்மாவே தொடர்ந்தார்.

"அப்பாகூட ஜெயில்ல இருந்தவரு ஒருத்தரு செத்தப்ப, 'இருபத்தோரு குண்டு முழங்க'ன்னு பேப்பர்ல போட்டிருந்தான் சார். அத வெட்டி வெச்சிக்கினு, எனக்கும் இருபத்தொண்ணு போடுவாங்களா, கொறச்சிடுவாங்களான்னு கேட்டுக்கினே இருந்தாரு. கொறைய மாட்டாங்கப்பா, நானே நின்னு எண்றேன்னு சொல்லியிருக்கேன். வெடிச்ச தோட்டாவ எண்ணலாம் இல்ல? எண்ணுவேன் சார்."

ஐயா வாயை மூடினார். பிறகு ரொம்ப மெதுவாகச் சொன்னார்: "இருபத்தொண்ணேதாம்மா. நீங்களே எண்ணிக்கலாம்."

அம்மா போனதும் என் பக்கம் திரும்பினார். "மரியதாஸு, ஏழு மூணு?"

"இருபத்தொண்ணுங்க ஐயா."

"ஏழு சுடட்டும். மத்த அஞ்சு பேரும் துப்பாக்கியத் தலகீழாப் புடிச்சி, தலையக் குனிஞ்சிக்கினு பொணத்தச் சுத்தி நிக்கட்டும். துக்கத்துக்குத் தலகீழாப் புடிக்கிறது கவாத்துலயே இருக்குது. நாம இன்னாவோ புதுசா கண்டுபுடிச்ச மாரி முழிக்காத. ஜல்தியா ஆளப் பிரி."

எனக்கு உயிர் பாதி வந்தது. மீதி வரவில்லை, ஏனென்றால் இப்போது கணக்கு இறுகிவிட்டது. பன்னிரண்டு பேர் சுடும்போது ஒன்றிரண்டு வெடிக்காவிட்டால் யாருக்கும் தெரியாது. ஏழு பேர் மூன்று சுற்று என்றால் ஒன்றுகூடத் தப்பக் கூடாது. எண்ணுவதற்குக் கணக்கு டீச்சர் நிற்கிறார். தோட்டாவோ பழசு. நாற்பதையும் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்து, பூக்கடையில் பூப் பொறுக்குவது போல இருபத்தொன்றைப் பொறுக்கினேன். சுடப்போகிறவர்களிடம் குமிழை ஞாபகப்படுத்தினேன். "அந்தோணியாரே, காணாமப் போனதக் கண்டுபுடிச்சித் தர்றவரே, இன்னிக்கி இருக்கறத மட்டும் வெடிக்க வையி" என்று வேண்டிக்கொண்டேன். நேற்றுச் சூடம் காட்டிய சாமியையும் ஒரு வார்த்தை கேட்டு வைத்தேன்.

பெரிய அதிகாரி வந்தார், மாலை வைத்தார். ஐந்து பேர் உடலைச் சுற்றித் தலைகுனிந்து நின்றார்கள். அசைவில்லாமல் நின்ற அந்த ஐந்தையும் பார்த்ததுமே கூட்டம் அமைதியாகிவிட்டது. பறை நின்றது. ஐயா கட்டளை கொடுத்தார். முதல் சுற்று ஒரே சத்தம், தென்னையில் இருந்த காக்கை எல்லாம் பறந்தன. இரண்டாவது சுற்றும் அப்படியே. ஓரமாக நின்ற சரோஜா டீச்சரின் விரல்கள் மடங்குவது தெரிந்தது.

மூன்றாவது சுற்று. ஆறுதான் வெடித்தது. ஆறு என்று கூட்டத்தில் யாருக்கும் தெரிந்திருக்காது. எனக்குத் தெரிந்தது. வரிசையின் கடைசியில் நின்ற காவலர் ஏழுமலையின் துப்பாக்கியிலிருந்து 'டிக்' என்று ஒரு சின்னச் சத்தம் மட்டும்தான் வந்தது. ஏழுமலை சிலையாக நின்றான். ஐயா உதட்டை அசைக்காமல், "குமிழு" என்றார். ஏழுமலை குமிழைப் பின்னுக்கு இழுத்து விசையை அழுத்தினான்.

'டமார்.'

அந்தத் தனிக் குண்டு அமைதியில் விழுந்ததும் கூட்டம் மொத்தமும் கையெடுத்துக் கும்பிட்டது. ஒரு பெரியவர் வாய்விட்டு அழுதார். எனக்கும் கண்ணீர் வந்தது. காரணம் வேறு.

சடங்கு முடிந்து, தரையில் கிடந்த காலித் தோட்டாக்களை நான் பொறுக்க, சரோஜா டீச்சர் கூடவே குனிந்து எண்ணினார். "ஏழு மூணு இருபத்தொண்ணு. சரியா இருக்குது" என்று என் கையைப் பிடித்துக்கொண்டார். பிறகு ஐயாவிடம், "கடைசி ஒண்ணு தனியா வெடிச்சுதே, அது அப்பாவுக்குன்னே வெச்சதா சார்?" என்று கேட்டார்.

ஐயா பொய் சொல்கிற மனிதர் இல்லை. "ஆமாம்மா" என்றார். அதைச் சொன்னபோது அவர் அதை நம்பினார் என்றுதான் நினைக்கிறேன்.

அதோடு முடிந்திருந்தால் கலைவாணி எனக்குப் போன் செய்திருக்க வேண்டியதில்லை. பெரிய அதிகாரி காரில் ஏறப் போனவர் திரும்பி வந்தார். "ரொம்ப நல்லா இருந்துச்சு. ஏழு, அஞ்சு, கடைசி குண்டு தனியா. இது எங்கே செய்யற முறை?"

"பழைய முறைங்க ஐயா" என்றார் தணிகாசலம். ஒரு மணி நேரப் பழமை.

"எழுதி அனுப்புங்க. இனிமே எல்லாத்துக்கும் இப்படியே செய்யலாம்."

எழுதி அனுப்பினோம். என் கையால்தான் எழுதினேன். காரணம் என்ற இடத்தில் என்ன போடுவது என்று கேட்டேன். "வெறுமையா வுடு. அரசாங்கத்துல காரணம் இல்லாத உத்தரவுக்குத்தான் ஆயுசு ஜாஸ்தி" என்றார். மாதக் கடைசியில் மெமோ வரவில்லை, மாலை வந்தது. வழியனுப்பு விழாவில் எல்லாரும் அவரைப் பேசச் சொன்னார்கள். எழுந்து நின்று, சட்டைப் பையிலிருந்து மடித்த வெள்ளைத் துணி ஒன்றை எடுத்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். அவர் கடைசியாகக் கையெழுத்திட்ட கோப்பு, எந்தத் துப்பாக்கி மேல் என்ற அறிக்கைதான். 'இரண்டும் சமம்' என்று எழுதியிருந்தார். இளையவன் ஒரு படி மேல் என்று அவர் எழுதாத ஒரே அறிக்கை அது.

இப்போது இரண்டு துப்பாக்கியும் கிடங்கில் இல்லை, எல்லாம் புது ரகம். குமிழ் கிடையாது. ஆனாலும் ஏழு பேர் சுடுகிறார்கள், ஐந்து பேர் தலைகுனிகிறார்கள், ஒருவர் கடிகாரத்தைப் பார்க்காத குறையாக ஒரு நொடி காத்திருந்து சுடுகிறார். கலைவாணி கேட்டதும் காணைக்குப் போன் போட்டேன். ஐயா கரும்புக் கொல்லையில் தண்ணீர் கட்டிக்கொண்டிருந்தார்.

"ஐயா, அந்தப் பொண்ணு காரணம் கேக்குது. உள்ளத உள்ளபடி எழுதிடட்டுங்களா?"

"பேர மாத்திப் போடு. மத்தபடி எழுது."

"பொரி துன்னதயுமா?"

"அத மொதல்ல எழுது."

"நீங்க வார்னிஷ் அடிக்கச் சொன்னது?"

"அதையும் எழுது. பழைய முறைன்னு நான் புளுகினதையும் எழுது. இன்னொரு தபா பதினேழு பி குடுப்பானா எனக்கு?" மண்வெட்டியால் ஒரு மடையை அடைக்கும் சத்தம் கேட்டது. "ஒண்ணு மட்டும் எழுதாத மரியதாஸு. சுட்ட ஏழும் மூத்தவன்னு எழுதாத. 'ஏழு துப்பாக்கி சுட்டது, அஞ்சு துப்பாக்கி தலகுனிஞ்சுது'ன்னு பொதுவா போட்டுடு."

"சுட்டது மூத்தவன்தானேங்க ஐயா."

"அதனாலதான்யா சொல்றேன்."

"உத்தரவுங்க ஐயா" என்றேன். என் உத்தியோகத்தில் மேலதிகாரியின் உத்தரவை நான் மீறியது இந்த ஒரு முறைதான்.